ஐம்பது ஆண்டுகள் அவையில் இருந்தும் அமைச்சராகாத என்.ஜி. ரங்கா

ஆந்திராவைச் சேர்ந்த என்.ஜி. ரங்கா விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், ஐம்பது ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றவர், ஆனால் ஒருமுறைகூட மத்திய அமைச்சராகவில்லை. அப்படியானால் அவரால் விவசாயிக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஒரு மனிதரைப் பற்றியதாகத் தெரிந்தாலும் உங்கள் சந்தேகம் வேறு. கோப்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லாத ஒருவர் அவையில் எத்தனை ஆண்டு உட்கார்ந்திருந்தால்தான் என்ன என்பதே நீங்கள் கேட்க நினைத்தது. அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் நிலச் சட்டங்களின் வரலாற்றைக் கல்லூரியில் கற்பித்தவன். ரங்காவை நேரில் அறிந்தவன் அல்லன். அவர் ஆதரித்த, எதிர்த்த சட்டங்கள் வழியாக அவரை அறிந்தவன். ஆகவே அவருடைய எளிமை, பழகும் விதம் பற்றியெல்லாம் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் அந்த ஐம்பதைப் பார்த்துவிடலாம். 1930-ல் பிரிட்டிஷ் இந்தியாவின் மத்திய சட்டசபைக்குள் நுழைந்தவர், 1991-ல் ஒன்பதாவது மக்களவை கலைக்கப்பட்டபோது வெளியே வந்தார். நடுவில் அரசியல் நிர்ணய சபை, தற்காலிக நாடாளுமன்றம், 1952-ல் மாநிலங்களவை, 1957-ல் தெனாலித் தொகுதியிலிருந்து மக்களவை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே அறுபத்தோரு ஆண்டுகள். ஆனால் ஒரே மூச்சாக அல்ல. 1962-ல் தெனாலியில் தோற்றார். சித்தூரில் வென்றிருந்த அனந்தசயனம் அய்யங்கார் பீகார் ஆளுநராகப் போனதால் அங்கே இடைத்தேர்தல் வந்தது, அதில் வென்று உள்ளே வந்தார். 1967-ல் ஸ்ரீகாகுளத்தில் வென்ற கௌது லட்சண்ணா தம் இடத்தை விட்டுக்கொடுக்க, மறுபடியும் ஓர் இடைத்தேர்தல். 1971-ல் தோல்வி, 1977 வரை எந்த அவையிலும் இல்லை. பிறகு மாநிலங்களவை, அதன் பின் 1980, 1984, 1989 என மூன்று முறை குண்டூர். வெள்ளையர் கால அவையைச் சேர்ப்பதா விடுவதா, இடைவெளிகளை எப்படிக் கழிப்பது என்பதைப் பொறுத்துக் கணக்கு முன்னே பின்னே ஆகும். எனக்கு அந்த எண்ணில் பெரிய ஆர்வம் இல்லை. ஆந்திராவின் தென்கோடியான சித்தூரும் வடகோடியான ஸ்ரீகாகுளமும் ஒரே ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பின என்பதுதான் கவனிக்க வேண்டியது. சொந்த ஊரின் செல்வாக்கை மட்டும் வைத்து ஜெயித்தவர் அல்லர் என்பதற்கு அது போதும்.

விவசாயக் குடும்பம் என்றதும் கஞ்சிக்கு வழியில்லாத வீடு என்று நினைத்துவிட வேண்டாம். 1900 நவம்பர் 7-ல் அவர் பிறந்த நிடுப்ரோலு, குண்டூர் மாவட்டத்தில் கிருஷ்ணா கால்வாய் பாயும் பகுதியில் இருக்கிறது. நன்செய் நிலம், பட்டா கையில் உள்ள கம்மா சமூகக் குடும்பம். ஆக்ஸ்ஃபோர்டில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்து சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். கடைசிவரை அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட 'ஆச்சார்யா', 'பேராசிரியர்' எல்லாம் அங்கிருந்து வந்தவை. காந்தியின் அழைப்பை ஏற்று 1930-ல் விடுதலை இயக்கத்துக்குள் வந்தார். சொந்த நிலம் வைத்து உழும் குடியானவர், வரியும் கடனும் விலையும் அவரை நெரிக்கின்றன: இந்த ஆளைத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் மனதில் வைத்துப் பேசினார். அவருடைய பலமும் குறையும் இந்த ஓர் இடத்திலிருந்தே கிளம்புகின்றன என்பது என் கருத்து.

பலத்தை முதலில் சொல்கிறேன். ரயத்துவாரிப் பகுதியில் அரசுக்கும் உழுபவருக்கும் நடுவில் ஜமீன்தார் கிடையாது. பட்டாதாரர் நேரே சர்க்காருக்குத் தீர்வை, அதாவது நிலவரி, கட்ட வேண்டும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை தீர்வையை மறுநிர்ணயம் செய்வார்கள். 1920-களின் இறுதியில் கிருஷ்ணா, கோதாவரி மாவட்டங்களில் அதை 18.75 சதவீதம், அதாவது ரூபாய்க்கு மூன்று அணா, உயர்த்த முடிவானது. அடுத்து உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்து சேர்ந்தது. நெல் விலை படுத்துவிட்டது. தீர்வையோ ரொக்கத்தில் நிர்ணயித்தது, விலையோடு சேர்ந்து குறையாது. நேற்று ஒரு மூட்டை விற்றுக் கட்டிய வரிக்கு இன்று கிட்டத்தட்ட இரண்டு மூட்டை விற்க வேண்டிய நிலை. இதை மேடையில் கோபமாகச் சொல்லப் பலர் இருந்தார்கள். சாகுபடிச் செலவு, வட்டி, சந்தை விலை என்று வருவாய்த் துறையின் கணக்கையே எடுத்து அவர்கள் முன் பிரித்து வைக்கக்கூடியவர் குறைவு; ரங்கா அதைச் செய்தார். நிடுப்ரோலுவில் விவசாய ஊழியர்களுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார். அங்கே படித்தவர்களில் சிலர் பின்னாளில் கம்யூனிஸ்டுகளாகி அவரையே எதிர்த்தது தனிக் கதை.

ஜமீன்தாரிப் பகுதிகளில் நிலைமை இதைவிடக் கடுமை. தெலுங்கு மாவட்டங்களில் வெங்கடகிரி, பொப்பிலி போன்ற பெரிய ஜமீன்கள் இருந்தன. 1932 முதல் 1936 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் யார் தெரியுமா? பொப்பிலி ராஜாவேதான். ஜமீன் குடிகளின் குறையை யாரிடம் போய்ச் சொல்வது என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆண்டுகளில்தான் ரங்கா ஜமீன் ஒழிப்பைப் பேசினார், ஜமீன் குடிகளின் பொருளாதார நிலை குறித்து ஆய்வு நூலும் எழுதினார். 1936 ஏப்ரலில் லக்னோவில் அகில இந்திய கிசான் சபை (விவசாயிகள் சங்கம்) உருவானபோது சுவாமி சகஜானந்த சரஸ்வதி தலைவர், ரங்கா பொதுச் செயலாளர். அதே ஆண்டு இறுதியில் பைஸ்பூரில் கூடிய மாநாட்டுக்கு ரங்கா தலைமை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் பொப்பிலி ராஜாவை வி.வி. கிரி அவருடைய சொந்த மண்ணிலேயே தோற்கடித்தார். ஒரிசா எல்லையோரத்து இச்சாபுரத்திலிருந்து சென்னை வரை விவசாயிகளின் நடைப்பயணம் ஒன்றும் கிளம்பியது. சென்னையில் அப்போது நடந்துகொண்டிருந்தது காங்கிரசின் ராஜாஜி அமைச்சரவை.

அந்த அமைச்சரவையில் வருவாய்த் துறை டி. பிரகாசத்திடம் இருந்தது. அவர் தலைமையிலான குழு 1938-ல் தந்த அறிக்கை, ஜமீன் நிலத்தில் உண்மையான உரிமை உழும் குடிக்கே என்று சொன்னது. சட்டமாவதற்குள் 1939-ல் அமைச்சரவை பதவி விலகிவிட்டது. கடைசியில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது 1948-ல்தான் சென்னை மாகாண எஸ்டேட் (ஜமீன்) ஒழிப்புச் சட்டம் வந்தது. இதில் ரங்காவின் பங்கு எவ்வளவு? அறிக்கை எழுதியது பிரகாசம், சட்டம் கொண்டுவந்தது ஓமந்தூரார் அரசு, இவை உறுதி. கோரிக்கையைத் தாலுகா தாலுகாவாகக் கொண்டுபோய்ச் சேர்த்து, அதைத் தவிர்த்துவிட்டுக் காங்கிரஸ் ஓட்டுக் கேட்க முடியாத நிலைக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முன்வரிசை, இதுவும் உறுதி. அவர் இல்லாவிட்டால் சட்டமே வந்திருக்காது என்று அவருடைய அன்பர்கள் சொல்வது மிகை. ஜமீன் ஒழிப்பு அப்போது ஐக்கிய மாகாணத்திலும் பீகாரிலும்கூட நடந்துகொண்டிருந்தது.

1951-ல் ஆந்திர மாகாண காங்கிரஸ் தலைவர் தேர்தலில் சஞ்சீவ ரெட்டியிடம் தோற்று, கிருஷிகார் லோக் கட்சி என்று தனிக்கட்சி கண்டார். 1952 தேர்தலில் சென்னைச் சட்டசபையில் அக்கட்சிக்கு 15 இடங்கள். 1955-ல் கம்யூனிஸ்டுகளைத் தடுக்க காங்கிரசோடு கூட்டணி வைத்து, ஆந்திரச் சட்டசபையில் 22 இடங்கள் பிடித்து, பிறகு காங்கிரசிலேயே கலந்துவிட்டது. கொள்கையைவிடக் கோஷ்டி அரசியல் அதிகம் நடந்த ஆண்டுகள் இவை. அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

1959 அப்படியல்ல. ஜனவரியில் நாக்பூரில் கூடிய காங்கிரஸ், கூட்டுறவுக் கூட்டுப் பண்ணைதான் வருங்கால விவசாய அமைப்பு என்று தீர்மானம் போட்டது. நிலங்களை ஒன்றாக இணைத்துச் சாகுபடி செய்வது. உரிமை அவரவர் பேரிலேயே இருக்கும். விளைச்சலில் நிலத்தின் அளவுக்கு ஒரு பங்கு, உழைப்புக்கு ஒரு பங்கு. ரங்கா அப்போது நாடாளுமன்ற காங்கிரஸ் கட்சியின் செயலாளர். தெனாலி உறுப்பினர், ஆளும் கட்சி, நேருவின் புகழ் உச்சத்தில் இருந்த காலம். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஏதாவது ஓர் அமைச்சு கிடைத்திருக்கக்கூடியவர், பொறுப்பையும் கட்சியையும் விட்டு வெளியேறினார். அதே நாக்பூர் மேடையில் உத்தரப்பிரதேசத்துச் சரண் சிங்கும் தீர்மானத்தை வெளிப்படையாக எதிர்த்தார். ஆனால் அவர் காங்கிரசை விட்டது 1967-ல். உள்ளேயே இருந்து எதிர்த்தவர் பின்னாளில் முதல்வராகி, பிரதமராகவும் ஆனார்; வெளியேறியவர் எதுவும் ஆகவில்லை. உங்கள் கேள்வியில் உள்ள 'அமைச்சராகவில்லை' என்பதற்கான விடையின் பெரும்பகுதி இதில் இருக்கிறது.

அந்த ஆண்டு ஜூனில் சென்னையில் சுதந்திரா கட்சி அறிவிக்கப்பட்டது. ராஜாஜி அதன் மூளை, மினு மசானி அதன் நிர்வாகி, ரங்கா அதன் தலைவர். 1937-ல் எதிரெதிராக நின்ற ராஜாஜியும் ரங்காவும் இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரே மேடையில் ஏறினார்கள். பம்பாய்த் தொழிலதிபர்களின் கட்சி என்ற பெயர் ஒட்டிவிடாமல் இருக்க ஒரு விவசாயித் தலைவர் முன்னால் நிற்க வேண்டியிருந்தது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் ரங்கா அலங்காரத் தலைவராக மட்டும் இருந்தார் என்பதை நான் ஏற்க மாட்டேன். கட்சி பிறந்த காரணமே கூட்டுப் பண்ணை பற்றிய அவருடைய கேள்விதான்.

நாக்பூர் தீர்மானம் நடைமுறைக்கு வராமல் தேய்ந்துபோனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்றாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் சில முன்னோடிப் பண்ணைகளோடு கதை முடிந்தது. இது ரங்காவின் வெற்றியா? அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். விவசாயம் மாநிலங்களின் கையில் இருந்தது, மாநிலங்களில் காங்கிரஸ் நிலம் உள்ளவர்களின் கையில் இருந்தது. மாவட்டத் தலைவரே தம் நஞ்சையைக் கூட்டுப் பண்ணையில் சேர்க்க விரும்பவில்லை. எதிர்க்கட்சி ஒன்றுமே பேசாமல் இருந்திருந்தாலும் திட்டம் படுத்திருக்கலாம். கட்டாயப்படுத்த மாட்டோம் என்று நேரு திரும்பத் திரும்பச் சொல்லியும், சுதந்திரா கட்சி மேடைகளில் சீனக் கம்யூனைக் காட்டிப் பயமுறுத்தினார்கள். அந்தப் பேச்சில் நியாயத்தைவிட வேகம் அதிகம்.

எனக்கு அவருடைய அவை வாழ்க்கையில் முக்கியமாகப் படுவது 1964-ன் பதினேழாவது அரசியல் சட்டத் திருத்தம். பின்னணி இது. கேரளத்தின் 1961-ம் ஆண்டு நிலச் சட்டத்தை, பழைய சென்னை மாநிலத்திலிருந்து கேரளத்துக்குப் போன காசர்கோடு பகுதியின் நிலக்காரர்கள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். ரயத்துவாரி நிலம் 'எஸ்டேட்' ஆகாது, எனவே நிலச் சீர்திருத்தச் சட்டங்களுக்கு அரசியல் சட்டம் தரும் தனிக் கவசம் இதற்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு குடும்பத்தின் நிலத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தைப் பொறுத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று வரம்பு கட்டிய நம் சென்னை மாநிலத்தின் 1961-ம் ஆண்டு உச்சவரம்புச் சட்டமும் 1964 மார்ச்சில் நீதிமன்றத்தில் விழுந்தது. பதினேழாவது திருத்தம் 'எஸ்டேட்' என்பதற்குள் ரயத்துவாரி நிலத்தையும் கொண்டுவந்து, நாற்பத்து நான்கு மாநிலச் சட்டங்களை, அடிப்படை உரிமைக்கு முரண் என்று நீதிமன்றம் ரத்து செய்ய முடியாதபடி, அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் பூட்டி வைத்தது.

ஜமீன்தாரை ஒழிக்கச் செய்த ஆயுதத்தை இப்போது ஐந்து ஏக்கர் பட்டாதாரர் பக்கம் திருப்புகிறீர்கள் என்பதே ரங்கா தரப்பின் வாதத்தின் சாரம். முப்பதுகளில் ஜமீன் ஒழிப்பைக் கேட்டவரே இதைச் சொன்னதால் அது வெறும் பணக்காரர் வாதமாக ஒலிக்கவில்லை. சுதந்திரா கட்சிக்கு 1962 தேர்தலில் கிடைத்தது 18 இடங்கள், காங்கிரசுக்கு 361. இருந்தும் 1964 ஏப்ரலில் திருத்த மசோதா தேவையான பெரும்பான்மையை எட்டாமல் விழுந்தது. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்து வாக்களிக்க வேண்டும். ஆளும் கட்சியினரே போதிய அளவில் அவையில் இல்லை. நேரு மறைந்த பின் ஜூனில்தான் அது நிறைவேறியது. இறுதி வடிவத்தில் ஒரு காப்பு வாசகம் இருக்கிறது: ஒருவர் தாமே சாகுபடி செய்யும் நிலம் உச்சவரம்புக்குள் இருந்தால், சந்தை விலைக்குக் குறையாத இழப்பீடு தராமல் அரசு அதை எடுக்க முடியாது. இன்றும் அரசியல் சட்டத்தின் 31ஏ பிரிவில் அது இருக்கிறது. சொத்துரிமை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து 1978-ல் நீக்கப்பட்ட பிறகும், சிறு நிலக்காரருக்கு அரசியல் சட்டத்திலேயே எஞ்சியிருக்கும் உறுதி அது. அந்த வாசகத்தை ரங்கா எழுதவில்லை. ஆளும் கட்சிக்குள் இருந்த விவசாயப் பின்னணி உறுப்பினர்களின் அழுத்தம் எவ்வளவு, வெளியிலிருந்து வந்த எதிர்ப்பு எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியாது. ஆனால் எதிர்ப்பே இல்லாத அவையில் இப்படிப்பட்ட காப்புகள் தாமாக முளைப்பதில்லை என்பதை, பல திருத்தங்களின் வரலாற்றைப் படித்தவன் என்ற முறையில் துணிந்து சொல்வேன்.

இனி குறை. பட்டாதாரரை நெஞ்சில் வைத்திருந்தவரின் பார்வையில் குத்தகைக்கு உழுபவரும் கூலிக்கு நாற்று நடுபவரும் பின்வரிசைக்குப் போய்விட்டார்கள். கூலிக்காரர்களையும் அவர் ஒருகாலத்தில் திரட்டினார், மறுக்கவில்லை. ஆனால் உச்சவரம்புச் சட்டம், குத்தகைச் சட்டம் என்று வந்தபோதெல்லாம் அவர் நின்ற இடம் நிலம் உள்ளவரின் பக்கம். கிருஷ்ணா கழிமுகப் பகுதியில் நிலமுள்ளவரும் கூலிக்காரரும் பெரும்பாலும் வேறு வேறு சாதி. ஆகவே இது சாதிப் பிரச்சினையும்தான். அவர் ஸ்ரீகாகுளத்தின் உறுப்பினராக இருந்த அதே ஆண்டுகளில், அந்த மாவட்டத்தின் மலைப்பகுதியில் பழங்குடி மக்கள் நிலத்துக்காகவும் கடன் கொடுமைக்கு எதிராகவும் கிளர்ந்தெழுந்தார்கள். நக்சல் இயக்க வரலாற்றில் ஸ்ரீகாகுளம் பெரிய அத்தியாயம். அந்த மலைகள் அவருடைய தொகுதி எல்லைக்குள் வரவில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் நாட்டின் மூத்த விவசாயித் தலைவர் கையில் அந்த மக்களுக்குச் சொல்ல ஒரு திட்டமும் இருக்கவில்லை. போதாக்குறைக்கு, 1967-ல் 44 இடங்களோடு பெரிய எதிர்க்கட்சியான சுதந்திராவின் பலம் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் ஒரிசாவிலும் அரச குடும்பங்களைச் சார்ந்திருந்தது. பொப்பிலி ராஜாவுக்கு எதிரணியில் தொடங்கியவர், ஜெய்ப்பூர் மகாராணி இருந்த கட்சிக்குத் தலைமை வகித்தார்.

1971-ல் கட்சி எட்டு இடங்களாகச் சுருங்கியபின் ரங்கா காங்கிரசுக்கே திரும்பினார். 1974-ல் சுதந்திராவின் பெரும்பகுதி சரண் சிங்கின் தலைமையில் உருவான பாரதிய லோக் தளத்தில் கலந்தது. கூட்டுப் பண்ணையை எதிர்த்த இரு பெரியவர்களில், ஒருவரின் கட்சி மற்றவரிடம் போய்ச் சேர்ந்தபோது ரங்கா அங்கே இல்லை. நெருக்கடி நிலைக் காலத்திலும் அவர் காங்கிரசில்தான் இருந்தார். தனிமனித உரிமை பேசிப் புகழ்பெற்ற கட்சிக்குத் தலைவராக இருந்தவரிடம் இதை என்னால் பொருத்திப் பார்க்க முடியவில்லை. அவருடைய அன்பர்கள் தரும் விளக்கங்களும் என்னைத் திருப்திப்படுத்தவில்லை. 1984-ல் ஆந்திராவில் தெலுங்கு தேசம் முப்பது இடங்களை அள்ளியபோதும், எண்பத்து நான்கு வயதில் குண்டூரைக் காங்கிரசுக்காக வென்றார் என்பது வாக்காளர்கள் அவரிடம் வைத்திருந்த மரியாதை. அந்தக் கடைசிப் பத்தாண்டில் அவர் பேச்சுக்குச் சட்டங்களை அசைக்கும் வலு இல்லை. 1991-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. 1995 ஜூன் 9-ல் காலமானார். ஆந்திர வேளாண் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

ஆக, உங்கள் கேள்விக்கு: 1930-களில் அவர் செய்த வேலை பெரும்பாலும் அவைக்கு வெளியே நடந்தது, அதன் பலன் ஜமீன் குடிகளுக்கு நிலமாகவே கிடைத்தது. 1959-லிருந்து 1971 வரை அவர் அவைக்குள் செய்தது தடுக்கும் வேலை. அதனால் பயனடைந்தவர் சிறு, நடுத்தரப் பட்டாதாரர், கூடவே பெரிய பட்டாதாரரும். நிலமில்லாதவருக்கு அவரால் கிடைத்தது சொற்பம். விளைபொருளுக்குக் கட்டுப்படியாகும் விலை என்று அவர் காலமெல்லாம் கேட்டதை, 1965-ல் விவசாய விலைக் குழு அமைந்ததோடு முடிச்சுப்போட்டுப் பெருமை சேர்க்கிறவர்கள் உண்டு. அந்தக் காலத்து உணவுப் பற்றாக்குறையும் மத்திய அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் வேளாண் கொள்கையும்தான் அதற்கு நேரடிக் காரணங்கள். ரங்காவை அந்தப் பட்டியலில் நான் சேர்க்க மாட்டேன். நீங்களே படித்துப் பார்க்க விரும்பினால் மக்களவை விவாதங்கள் நாடாளுமன்ற மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1964 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பதினேழாவது திருத்த விவாதத்தில் தொடங்குங்கள். ரங்காவின் பேச்சை மட்டும் படிக்காமல், அதே நாட்களில் திருத்தத்தை ஆதரித்துப் பேசிய கம்யூனிஸ்ட் உறுப்பினர்களின் பேச்சையும் சேர்த்தே படியுங்கள்.